மூன்றாம் பாகத்தின் கடைசித் தாள்

வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைத் தாள் தாளாகப் பிய்த்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டிப் புத்தகமாக்கியவர்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். தோள்பட்டை வலி உள்ளவர்கள் மனதுக்குள் தூக்கினால் போதும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வருஷக்கணக்கில் படித்த ஒரு கதையின் கடைசித் தாள் மட்டும் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்பது நமக்குத்தான் தெரியும்.

போன மாதம் அண்ணன் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். தலையணை கனத்தில் ஒரு மாயக்கதை, மூன்று பாகம். மூன்றாம் பாகத்தை இரண்டே நாளில் முடித்துவிட்டு, புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "செம முடிவு, சின்னப் பாட்டி" என்று சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப் போனாள். அந்த முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அறுபது வயதில் ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுவது நல்ல குணம் இல்லை, தெரியும். இருந்தாலும் பட்டேன்.

எங்களுக்கும் ஒரு மூன்று பாகக் கதை இருந்தது.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் நான்கு வீடுகளுக்கு ஒரே வாரப் பத்திரிகை. வரவழைத்தவர் சொல்தா மாமா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை, பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் மனைவியைத் தெரு முழுக்க மதாம் என்றே கூப்பிட்டது. அவருக்கு வேறு பெயர் உண்டா என்று நான் யோசித்ததே இல்லை. வெள்ளிக்கிழமை பத்திரிகை அவர்கள் வீட்டுக்கு வரும். சனிக்கிழமை வாத்தியார் வீடு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடு. திங்கட்கிழமை பக்கத்து பாய் வீடு. செவ்வாய்க்கிழமை மறுபடி மதாம் கைக்குப் போகும். அன்றைக்குத்தான் பங்கு பிரிப்பு. அதுவரை யாரும் கத்திரிக்கோலை அதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது. தெருவில் இதைவிடக் கறாரான சட்டம் வேறு கிடையாது.

சமையல் குறிப்பு, கோலம், தையல் எல்லாம் மதாமுக்கு. குடும்பக் கதை வாத்தியார் வீட்டு அம்மாவுக்கு. மாயக்கதை எனக்கும் பாய் வீட்டுப் பெண்ணுக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் உண்டே! எங்கள் கதையின் முதுகில் குடும்பக் கதை அச்சாகி வந்த வாரம் ஒரு பெரிய தகராறே நடந்தது. வாத்தியார் வீட்டு அம்மா விடமாட்டேன் என்றார். நாங்களும் விடவில்லை. கடைசியில் தாள் எங்களுக்கு, அதன் பின்பக்கத்தை நான் கையால் அப்படியே பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. மாமியார் மருமகளை வைது தீர்த்த இரண்டு பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் எழுதினேன். அதிலிருந்து தெருவுக்கே நான்தான் நகலெடுப்பவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று வாத்தியாரே சொன்னார்.

பாய் வீட்டுப் பெண்ணும் நானும் ஒரே வகுப்பு, ஒரே வயது, பன்னிரண்டு. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, பிரான்சில் வேலையாக இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சென்ட் வாசனையோடு வந்துவிட்டுப் போவார். வீட்டில் அவள், அம்மா, சின்னத் தம்பி. வாசல் பக்கத்தில் லுங்கிக் கடை வைத்திருந்த அவள் மாமா. பத்திரிகை அவர்கள் வீட்டுக்கு வர திங்கட்கிழமை ஆகும். ஆனால் அவளுக்கு ஏது பொறுமை? ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டும்போதே வந்து உட்கார்ந்திருப்பாள். நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவள் கேட்க வேண்டும். சும்மா கேட்கமாட்டாள், கதையோடு சண்டை போடுவாள்.

"இவளுக்கு அறிவே இல்லியாடி? அந்தக் குடுவைய இப்பவே ஒடச்சிட வேண்டியதுதான?"

"ஒடச்சா கதை முடிஞ்சிடும்."

"முடியட்டுமே. எனக்கு நெஞ்சு அடிச்சிக்குது."

கதை இதுதான். ஒரு சூனியக்காரன் கடலை ஒரு குடுவைக்குள் அடைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். கப்பல்கள் தரையில் சாய்ந்து கிடக்கின்றன. ஓடக்காரன் மகள், பதினைந்து வயது, வறண்ட கடல் தரையில் கால்நடையாகவே குடுவையைத் தேடிக் கிளம்புகிறாள். கூட ஒரு கொக்கு. நிஜத்தில் அது கொக்கு இல்லை, சூனியத்தில் மாட்டிய ஒரு பையன். விடியும் நேரத்தில் மட்டும் அவனுக்குப் பேச வரும். முதல் பாகத்தில் கிளம்புகிறார்கள். இரண்டாம் பாகத்தில் உப்பு மரங்கள் நிற்கிற காட்டைக் கடக்கிறார்கள். மூன்றாம் பாகத்தில் குடுவை கிடைத்துவிடுகிறது, ஆனால் ஒரு நிபந்தனை. யார் அதை உடைக்கிறார்களோ அவர்களுக்குத் தங்களுக்கு மிகப் பிரியமானவரின் நினைவே இல்லாமல் போய்விடும். உடைத்தால் கடல் திரும்பும், கொக்கு பையனாவான், அவளுக்கு மட்டும் அவன் யாரென்று தெரியாது. உடைக்காவிட்டால் ஊரே பட்டினியில் செத்துப் போகும்.

இந்த நிபந்தனையைப் படித்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் இட்லி இறங்கவில்லை.

முதல் இரண்டு பாகத்தையும் நாங்களே தைத்தோம். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது என்று மதாம் சொல்லிக் கொடுத்தார். பசை சரியாக ஒட்டாததால் அட்டைக்கு அப்பாவின் சைக்கிள் கடையில் இருந்து பஞ்சர் சொல்யூஷனை எடுத்துத் தடவினோம். அதனால் எங்கள் மாயக்கதையைத் திறந்தால் டியூப் வாசனைதான் முதலில் வரும். மட்டமான தாளில் மை ஒட்டாமல் நிற்கும். படித்து முடித்தால் கட்டைவிரல் கறுத்திருக்கும். அதைப் பாவாடையில் துடைத்து அம்மாவிடம் வாங்கிய அடி தனிக்கணக்கு.

அந்தக் கோடையில் ஒரு சாயங்காலம் அவள் மாமா எங்களைக் குருசுக்குப்பம் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். அப்போது அங்கே மணல் இருந்தது. நம்புங்கள், ஓடிப் பிடித்து விளையாடுகிற அளவுக்கு மணல். இன்றைக்குக் கரை நெடுகக் கொட்டியிருக்கும் கருங்கல்லைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அன்று தண்ணீர் வழக்கத்தைவிட நன்றாக உள்வாங்கியிருந்தது. அவள் என் கையைப் பிடித்து அழுத்தி, "எடுத்துட்டுப் போயிட்டான்டி" என்றாள். சிரிக்கவே இல்லை. இரண்டு பேரும் ஈர மணலில் நின்று, அலை திரும்பி வந்து காலைத் தொடுகிறவரை மூச்சு விடவில்லை. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து, "என்னா பாப்பா, செருப்ப வுட்டுட்டிங்களா?" என்றார்.

அந்தச் சாயங்காலம் மாமா எங்களைக் கூட்டிப் போனதே ஒரு காரணத்தோடுதான் என்பது எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அத்தா எல்லோருக்கும் விசா காகிதம் அனுப்பிவிட்டார். குடும்பமே பிரான்சுக்குப் போகிறது. பெரியவர்களுக்கு இரண்டு மாதமாகத் தெரியும். முன்னாலேயே சொன்னால் பிள்ளைகள் அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி வைத்து மறைத்துவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இரண்டு மாதம் பங்கு போட்டு அழ வேண்டியதை ஒரே வாரத்தில் அழ வைத்தார்கள். எனக்குப் பிள்ளைகள் பிறந்து, நானும் இதே மாதிரி இரண்டு மூன்று காரியம் செய்த பிறகுதான் அவர்கள் மேல் இருந்த கோபம் குறைந்தது. முழுதாகப் போகவில்லை.

புறப்படும் நாள் சனிக்கிழமை. கதையின் கடைசி அத்தியாயம் அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை வருகிறது. தெரு முறைப்படி அது அவள் வீட்டுக்குத் திங்கட்கிழமை வர வேண்டும். அதற்குள் அவள் கடல் தாண்டியிருப்பாள். நான் வாத்தியார் வீட்டுக்குப் போய் அந்த ஒரு வாரம் மட்டும் முறையை மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். வாத்தியார் வீட்டு அம்மா, "போயி படிங்கடி. எனக்கு என்னா அவசரம்" என்றார். அந்த அம்மாவைப் பற்றி நான் முன்பு நினைத்ததை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதாம் பத்திரிகையை என் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் அவள் வீட்டு மொட்டை மாடிக்கு ஓடினோம். கீழே பெட்டி கட்டுகிற சத்தம். நான் படித்தேன். ஓடக்காரன் மகள் குடுவையைத் தலைக்கு மேல் தூக்குகிறாள். கொக்கு அவள் காலடியில் நிற்கிறது. விடியவில்லை, அதனால் அதற்குப் பேச வரவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு குடுவையைப் பாறையில் ஓங்கி அடிக்கிறாள். தாளைத் திருப்பினேன். அடுத்த தாளில் மூட்டு வலித் தைலத்துக்கு விளம்பரம்.

இடையில் ஒரு தாள் இல்லை. கத்திரிக்கோலால் நேராக வெட்டி எடுத்திருந்தார்கள். தையலோரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் நின்றது.

மதாம் வீட்டுக்கு ஓடினோம். "மதாம், கதைப் பக்கத்த யாரு எடுத்தது?"

"கதையா? நான் கதையத் தொடவே இல்லியேம்மா. எனக்கு எதுக்குக் கதை?" என்றார் மதாம். பொய் சொல்கிற முகம் இல்லை அது.

நாற்காலியில் இருந்த சொல்தா மாமாவைப் பார்த்தேன். அவர் சட்டென்று பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனார். பிள்ளைகளுக்கான அந்தக் கதையை அவரும் ஒளிந்து ஒளிந்து படிக்கிறார் என்று எனக்கு ஏற்கெனவே சந்தேகம். இவர்தான் திருடன் என்று அந்த நிமிஷமே தீர்ப்பு எழுதிவிட்டேன். அன்றிலிருந்து அவருக்கு "பொன்ழூர் மாமா" சொல்வதை நிறுத்தினேன். தினமும் காலையில் வணக்கமாக நான் சொல்லும் அந்த ஒரு பிரெஞ்சு வார்த்தைக்காக அவர் வாசலில் நிற்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். மூன்று வருஷம் கழித்து அவர் இறந்தபோதும் என் மனம் இளகவில்லை.

மறுநாள் அம்பாசிடர் வந்தது. அவள் அம்மா அழுதார், என் அம்மா அழுதார், தம்பி மட்டும் விமானத்தில் போகிற குஷியில் குதித்தான். அவள் அழவில்லை. கார் கண்ணாடியை இறக்கி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எப்படியாவது தேடிப் புடிச்சி எழுதி அனுப்புடி. அவனை அவளுக்கு ஞாபகம் இருக்கா இல்லியான்னு தெரியாம எனக்கு அங்க இருப்பே கொள்ளாது."

"எழுதறேன். அப்படியே பாத்து எழுதறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்தச் சத்தியம்தான் என்னைப் பிடித்து ஆட்டியது. கடைசி அத்தியாயம் என்பதால் கடைகளில் ஒரு பிரதி மிச்சமில்லை. முடிவெட்டும் கடையில் இருந்ததில் எண்ணெய் கொட்டி நாலைந்து தாள்கள் ஒட்டிப் போயிருந்தன. பத்துப் பன்னிரண்டு நாள் அலைந்த பிறகு படிப்பகம் நினைவுக்கு வந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஆண்கள் மட்டும்தான் போவார்கள். அப்படி எழுதி வைத்திருக்கவில்லை, ஆனாலும் அப்படித்தான். ஒரு மத்தியானம் உள்ளே நுழைந்துவிட்டேன். பீடி நாற்றமும் பழைய செய்தித்தாள் வாசனையும். நாலைந்து தலைகள் தாளுக்கு மேலே எழும்பின.

"யாரு வேணும் பாப்பா? அப்பாவத் தேடுறியா?"

"ஆமா," என்று பொய் சொன்னேன். "வருவாரு. அதுவரைக்கும் நிக்கிறேன்."

நின்றபடியே மேசை மேல் கிடந்ததை எடுத்துப் புரட்டினேன். தாள் இருந்தது. முன்பக்கம் பாதி கதை, பாதி விளம்பரம், முடிவு அங்கேதான். குடுவை உடைகிறது. கடல் கத்திக்கொண்டு திரும்பி வருகிறது. கப்பல்கள் எழுந்து நிற்கின்றன. கொக்கு இருந்த இடத்தில் ஒரு பையன் நனைந்துபோய் நிற்கிறான். ஓடக்காரன் மகள் அவனைப் பார்த்து, "யார் நீ? ஊருக்குப் புதியவனா?" என்கிறாள். அவன், "ஆமாம், புதியவன்தான்" என்கிறான். அவள் கிழிந்த வலையைத் தைக்க உட்கார்கிறாள். அவன் வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்கிறான். முற்றும்.

இதற்கா மூன்று பாகம்? இதற்கா உப்புக் காடு? மறந்தவள் முன்னால் போய் உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து பழக ஆரம்பிக்கிறானே, அதைவிட நிறைவான முடிவு வேறு என்ன இருக்க முடியும் என்று இப்போது சொல்வேன். அந்த எழுத்தாளர் கெட்டிக்காரர். ஆனால் பன்னிரண்டு வயதில் நான் படித்தது ஒன்றே ஒன்றுதான்: அவள் அவனை மறந்துவிட்டாள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். கண் பட்டிருக்கிறது என்று அம்மா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். வெயிலில் சுற்றியதால்தான் என்று அப்பா குளுக்கோஸ் வாங்கி வந்தார்.

இதை எப்படி அவளுக்கு எழுதுவேன்? புது ஊரில், பாஷை தெரியாமல், யாருமில்லாமல் இருக்கிறவளுக்கு, பிரிந்தால் மறந்துவிடுவார்கள் என்றா எழுதி அனுப்புவது? எனக்கே அதைத் தாங்க முடியவில்லை. நீலநிற ஏர் லெட்டர் ஒன்றை எடுத்து, முத்து முத்தான அதே கையெழுத்தில், கடைசி அத்தியாயத்தை எழுதினேன். குடுவை உடைகிறவரை உள்ளதை உள்ளபடி. அப்புறம் நானே. ஓடக்காரன் மகள் பையனின் கையைப் பார்க்கிறாள். அதில் ஒரு பழைய தழும்பு. அந்தத் தழும்பைத் தொட்டதும் அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். சூனியமே தோற்றுப் போகிறது. முற்றும் என்று போட்டு, கீழே, "இது அப்படியே பார்த்து எழுதியது, சத்தியம்" என்றும் எழுதினேன். அந்த வரியை மட்டும் எழுதாமல் இருந்திருக்கலாம்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. முடிவு ரொம்பப் பிடித்திருந்தது என்று எழுதியிருந்தாள். தம்பிக்கும் படித்துக் காட்டினாளாம். அங்கே பள்ளிக்கூடத்தில் யாரும் தரையில் உட்காருவதில்லையாம். கடைசியில் ஒரு கேள்வி: "கொக்குப் பையன் கையில் தழும்பு எப்படி வந்தது? முதல் பாகத்திலா, இரண்டாம் பாகத்திலா? எனக்கு ஞாபகம் வரவில்லை. எழுது."

எந்தப் பாகத்திலும் வரவில்லை. வந்தால்தானே ஞாபகம் இருக்க! கண்டுபிடித்துவிட்டாள். சத்தியம் பண்ணிப் பொய் சொன்னவள் என்று தெரிந்துபோய், என் வாயாலேயே வரவழைக்கப் பார்க்கிறாள். பதில் எழுத உட்காருவேன், பேனா நகராது. அடுத்த கடிதம் வந்தது. அதற்கடுத்தது வந்தது. பிரிக்காமலே பெட்டியின் அடியில் போட்டேன். மொத்தம் ஏழு. அம்மா ஒருநாள், "அந்தப் பொண்ணுக்குப் பதில் போட்டியா?" என்று கேட்டார். "போட்டேன்" என்றேன். ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று. ஏழாவதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் என்னை வைவீர்கள். ஆனால் இருந்தது. அப்புறம் வருஷக்கணக்கில் நிம்மதியே இல்லை.

எங்கள் வீட்டை இடித்துக் கட்டியபோது மூன்று பாகங்களும் அந்தக் கடிதங்களும் எந்த மூட்டையில் போயின என்றே தெரியவில்லை. தேடினேன். இரண்டு நாள் செங்கல் தூசியில் உட்கார்ந்து தேடினேன்.

நாற்பத்தெட்டு வருஷம் கழித்து, இரண்டு வாரத்துக்கு முன்னால், அவள் வந்திருக்கிறாள் என்று தகவல் வந்தது. மாமா மகன் வீட்டில் ஒரு கல்யாணம். அதற்காக வந்தவள் என்னை விசாரித்து ஆள் அனுப்பியிருந்தாள். முத்தியால்பேட்டையில்தான், நான் இப்போது இருக்கும் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. எனக்கு அந்தப் பத்து நிமிஷத்தை நடக்க இரண்டு நாள் ஆனது. தலைவலி என்றேன், முழங்கால் என்றேன். பயம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவளே கதவைத் திறந்தாள். முடி முழுக்க வெள்ளை, மூக்குக்கண்ணாடி, முக்காடு. "வந்துட்டியா? உள்ள வாடி. வாசல்லயே நிக்கிற" என்றாள். எங்கள் தெருவே மறந்துவிட்ட பழைய பேச்சை அவள் அப்படியே வைத்திருந்தாள்.

டீ வந்தது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவள் புருஷன் இறந்தது, என் புருஷனுக்கு ஆபரேஷன் ஆனது எல்லாம் பேசினோம். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கதையோட முடிவு, நான் எழுதி அனுப்புனது..."

"கொக்குப் பையனுக்குத் தழும்பே கெடையாது. அதான?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவள் சிரித்தாள்.

"பிளேன்ல எங்கம்மா கைக்குட்டை எடுக்கறதுக்குப் பையத் தொறந்தாங்க. கூடவே ஒரு தாள் வந்து வுழுந்துச்சி. சுவெட்டர் பின்றதுக்குப் படம் போட்டுக் கணக்கு போட்டிருந்துச்சி. குளிருமேன்னு மதாம் கத்திரிச்சிக் குடுத்து அனுப்பியிருக்காங்க. திருப்பிப் பாத்தா நம்ம கதை."

மதாம் பொய் சொல்லவில்லை. அவர் கதையைத் தொடவே இல்லை, சுவெட்டரைத்தான் வெட்டினார். செவ்வாய்க்கிழமைவரை காத்திருந்தால் அவர்கள் போய்விடுவார்களே என்று, வாழ்நாளில் ஒரே ஒரு முறை சட்டத்தை மீறியிருக்கிறார். பாவம், சொல்தா மாமா. அவருக்கு நான் செய்ததை இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?

"மேகத்துக்கு மேல ஒக்காந்து படிச்சேன்டி. அவ அவனை மறந்துட்டா. அழுதேன். காது வலிக்குதான்னு எங்கம்மா பஞ்சு வச்சாங்க. ஒரு மாசம் கழிச்சி உன் லெட்டர் வந்துச்சி. படிச்சதுமே தெரிஞ்சிடுச்சி, நீ நெசமான முடிவப் படிச்சிட்டுத்தான் மாத்தியிருக்கன்னு. எனக்காகத்தான்னும் தெரிஞ்சிது."

"அப்ப தழும்பப் பத்தி எதுக்குக் கேட்ட?" என்று கேட்டேன். குரல் எனக்கே சண்டை போடுகிற மாதிரி இருந்தது. "என்னை மாட்டி விடறதுக்குத்தான?"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். இத்தனை வருஷமாக நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அடிப்பாவி. நீ இன்னும் எழுதுவன்னுதான்டி கேட்டேன். அங்க தமிழ்ல படிக்க என்னா இருந்துச்சி எனக்கு? ஒரு சுவெட்டர் தாளும் உன் லெட்டரும். தழும்பு எப்படி வந்துச்சின்னு நீ எழுதுனா நாலு பக்கமாவது வரும். அடுத்ததுல வேற ஒண்ணு கேக்கலாம். அப்படியே போவும்னு நெனச்சேன். நீ எழுதவே இல்ல. உங்க வீட்ல யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சான்னு கேட்டுக் கேட்டு எழுதினேன். எங்கம்மாதான் போதும் வுட்டுடுன்னாங்க."

எது தெரிந்துவிடுமோ என்று பயந்து நான் ஒளிந்துகொண்டேனோ அது, என் கடிதம் போய்ச் சேர்வதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. பொய்க்காக அவள் என்னை வெறுக்கவில்லை. அந்தப் பொய் இன்னும் நீளாதா என்று தபால்காரனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணை அப்படி உட்கார வைத்தவள் நான். சூனியக்காரன் யாரும் வரவில்லை. நான்தான்.

அழுதேன். இந்த வயதில் அழுதால் மூக்குதான் முதலில் ஒழுகுகிறது. "மன்னிச்சிடுடி" என்றேன்.

அவளும் துடைத்துக்கொண்டாள். பிறகு பழையபடி சண்டைக்காரியானாள். "நாப்பத்தெட்டு வருசத்துக்கு ஒரு மன்னிச்சிடுவா? அதெல்லாம் செல்லாது. இன்னும் பதினஞ்சு நாள் இருப்பேன். தெனம் வா. முழங்கால் கிழங்கால்னு சொன்ன, நானே வந்து இழுத்துட்டு வருவேன்."

தினம் போகிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புகிறேன். வீட்டில் எல்லோரும் முறைக்கிறார்கள். இன்றைக்குப் பதினோராவது நாள். மணி இரண்டரை ஆகிவிட்டது, இன்னும் என்னென்னவோ எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். பரவாயில்லை, அவள் காத்துக்கொண்டிருப்பாள், நான் போகிறேன்.